முன் பெஞ்சு போதுமா?

செவிக்கு அப்பால் – 7

செவித்திறன் பரிசோதனைகளைப் பற்றிச் சென்ற வாரம் எழுதியதும் வந்த கடிதங்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் வந்து நிற்கின்றன. ‘பெரா டெஸ்ட் எடுத்தாச்சு, காது மெஷினும் போட்டாச்சு. ஜூன் மாதம் பிள்ளையை எங்கே சேர்ப்பது? பக்கத்துப் பள்ளிக்கூடத்திலா, காது கேளாதோர் பள்ளியிலா?’

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். வேறு யாரோ முடிவெடுத்துத் தருவார்கள் என்று பல பெற்றோர் காத்துக்கொண்டிருக்கிறார்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 31ஆவது பிரிவில், 40 விழுக்காடும் அதற்கு மேலும் குறைபாடுள்ள பிள்ளைக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உரிமையாகத் தருகிறது. அருகிலுள்ள பள்ளி, சிறப்புப் பள்ளி இரண்டில் எது வேண்டும் என்பது பிள்ளையின் பக்கத்து விருப்பம். ‘இங்கே முடியாது, ஸ்பெஷல் ஸ்கூலுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று வாசலிலேயே திருப்பி அனுப்பும் உரிமை எந்த அரசுப் பள்ளிக்கும் இல்லை.

உரிமை உங்களிடம் இருக்கிறது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் கடினம். பரிசோதனைத் தாளும் இதில் முழுதாக உதவாது. இரண்டு காதிலும் 70 டெசிபல் இழப்பு என்றால் சட்டம் அதைக் காது கேளாமை என்கிறது. ஆனால் அதே 70 டெசிபல் உள்ள இரண்டு பிள்ளைகளில் ஒன்று ஆறு மாதத்திலேயே மெஷின் போட்டு, இன்று வாய் ஓயாமல் பேசும். இன்னொன்றுக்கு நாலு வயதில்தான் குறையே தெரியவந்திருக்கும். இருவரும் ஒரே பெஞ்சுக்கு உரியவர்கள் அல்ல. நான் பெற்றோரிடம் கேட்கச் சொல்வது ஒன்றுதான்: இந்தப் பள்ளியில் காலை மணி அடித்ததிலிருந்து மாலை வரை என் பிள்ளை யாரோடு, எந்த மொழியில் பேசும்?

மதுரைப் பக்கம் ஓர் ஊரில் மூன்றாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் ஒரு காலைப்பொழுது உட்கார்ந்திருந்தேன். முதல் பெஞ்சில் இரண்டு காதிலும் மெஷினோடு ஒரு சிறுமி. சேர்க்க வந்த அன்று அவளுடைய அம்மா, “முன்னாடி பெஞ்சுல மட்டும் உட்கார வச்சிருங்க சார், அது போதும்” என்று கேட்டிருக்கிறார். “அதுக்கென்னம்மா, வச்சிடலாம்” என்று தலைமையாசிரியரும் சொல்லியிருக்கிறார். நல்ல மனிதர், சொன்ன சொல்லைக் காப்பாற்றியும் இருக்கிறார்.

ஆனால் அந்த அறைக்குத் தகரக் கூரை. மின்விசிறிகள் கடகடத்தன. பாதி உயரத் தடுப்புக்கு அந்தப் பக்கம் நான்காம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தது. காது மெஷின் டீச்சரின் குரலை மட்டும் பொறுக்கி எடுத்துத் தருவதில்லை, விசிறியையும் வாய்ப்பாட்டையும் சேர்த்தே பெரிதாக்குகிறது. திறந்த வெளியில் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் இடைத்தூரம் இரட்டிப்பானால் ஒலி 6 டெசிபல் குறையும். இத்தகைய பிள்ளைக்கு டீச்சரின் குரல் சுற்றுச் சத்தத்தைவிட 15 டெசிபலாவது தூக்கலாக இருக்க வேண்டும் என்பது வல்லுநர்கள் வைத்திருக்கும் அளவு. டீச்சர் புடவையில் குத்திக்கொள்ளும் சின்ன மைக்கோடு வரும் எஃப்.எம். கருவி இருந்தால் இதை எட்டலாம். அந்த வகுப்பில் அது இல்லை. டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பி எழுதிக்கொண்டே விளக்கியபோது, உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொண்டிருந்த கொஞ்சமும் போனது. பின்னாலிருந்து ஒரு பையன் ஏதோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அவளும் பக்கத்தில் இருப்பவளின் முகத்தைப் பார்த்துவிட்டு, கொஞ்சம் தாமதமாகச் சிரித்தாள்.

“புரிஞ்சுதாம்மா?” தலையாட்டினாள். டீச்சர் அவளுடைய நோட்டை எடுத்து என்னிடம் பெருமையாகக் காட்டினார். முத்து முத்தான கையெழுத்து, ஓர் எழுத்துப்பிழை இல்லை. அதில் ‘குளம்’ என்ற சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கையால் கேட்டேன். நோட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடியும் தலையாட்டினாள். இதே அழகோடு, இதே வெறுமையோடு பல ஊர்களில் நோட்டுகளைப் பார்த்திருக்கிறேன். யாருக்கும் தொந்தரவு தராத பிள்ளை என்று பெயர் வாங்கி, எட்டாம் வகுப்புவரை தேர்ச்சி பெற்றுப் போகும் பிள்ளைகள் இவர்கள். இதைச் சேர்ந்து படிப்பது என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அப்படியானால் காது கேளாதோர் பள்ளிதான் பதிலா? பாளையங்கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய பள்ளி இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. அத்தகைய பள்ளி ஒன்றின் விடுதி வராந்தாவில் மாலை நேரத்தில் போய் நின்று பாருங்கள். முந்தின நாள் பார்த்த படத்தின் சண்டைக்காட்சியை ஒருவன் கையாலும் முகத்தாலும் சொல்லுவான். நாலு பேர் குறுக்கே புகுந்து திருத்துவார்கள், ஒருத்தன் கோபித்துக்கொண்டு போவான். யாரும் யாருடைய முகத்தையும் பார்த்துத் தாமதமாகச் சிரிப்பதில்லை. காது கேளாத பிள்ளைகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல், காது கேட்கும் பெற்றோருக்குப் பிறந்தவர்கள். அதனால் பலருக்கு முதல் மொழி கிடைப்பதே இந்த வராந்தாவில்தான்.

வகுப்பறைக்குள் கதை வேறு. 1880இல் இத்தாலியின் மிலான் நகரில் கூடிய காது கேளாதோர் கல்வி மாநாடு, பேச்சுப் பயிற்சிதான் வழி, சைகை கூடாது என்று தீர்மானித்தது. தவறு என்று அந்த மாநாட்டு அமைப்பு வருத்தம் தெரிவிக்க 2010ஆம் ஆண்டு, வான்கூவர் மாநாடு வரை ஆனது. இடைப்பட்ட 130 ஆண்டுகளின் பழக்கம் நம் பள்ளிகளிலும் ஊறிக்கிடக்கிறது. சைகை மொழியே சரளமாகத் தெரியாத ஆசிரியர்கள் சிறப்புப் பள்ளிகளில் இன்றும் இருக்கிறார்கள். பிள்ளைகள் தங்களுக்குள் வேகமாகப் பேசிக்கொள்கிறார்கள், ஆசிரியரோடு அரைகுறையாக. எட்டாம் வகுப்பில் இரண்டாம் வகுப்புப் பாடத்தைத் திணறிப் படிக்கும் பிள்ளைகளை அங்கேயும் பார்க்கலாம். பள்ளி தொலைவில் என்றால் ஆறு வயதில் விடுதிவாசம். வீட்டில் ஒருவரும் சைகை கற்காவிட்டால், விடுமுறைக்கு வரும் பிள்ளை சாப்பிட்டாயா, தூங்கினாயா என்பதைத் தாண்டி அம்மாவோடு எதையும் பேச முடியாது. இந்தக் கட்டணத்தை எந்த ரசீதும் காட்டாது.

காக்ளியர் கருவி பொருத்தினால் இந்தச் சிக்கலே இல்லையே என்று பலர் எழுதியிருக்கிறார்கள். முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் 6 வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்கு அந்த அறுவை சிகிச்சை இலவசம். தமிழ்நாட்டின் பெரிய சாதனைகளில் ஒன்று என்று இதைத் தயங்காமல் சொல்வேன். ஒன்றரை வயதில் பொருத்தி, அம்மாவும் கூடவே உட்கார்ந்து பயிற்சி கொடுத்த பிள்ளை, பக்கத்துப் பள்ளியில் எல்லோரோடும் படிக்கலாம். சென்னை பால வித்யாலயா 1969 முதல் இப்படித்தான், ஐந்து வயதுக்குள் பேச்சைக் கொடுத்துப் பொதுப் பள்ளிக்கு அனுப்பிவருகிறது. ஐந்தரை வயதில், அதுவரை ஒரு மொழியும் இல்லாமல் பொருத்திய பிள்ளையின் நிலை அதுவல்ல. கேட்கும் கணக்கில் அதற்கு அன்றுதான் வயது தொடங்குகிறது. அதை நேரே ஒன்றாம் வகுப்பில் உட்கார வைத்துவிட்டு, ‘ஆபரேஷன் ஆகியும் பேச மாட்டேங்குதே’ என்று கேட்பது நியாயமில்லை.

ஆகவே என் கருத்து இது, மாற்றுக்கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள். மெஷின் உதவியோடு நாலு வாக்கியம் சேர்த்துப் பேசும் பிள்ளைக்குப் பக்கத்துப் பள்ளி. ஐந்து வயதாகியும் பேச்சும் இல்லை, சைகையும் இல்லை என்றால், சைகை ஓடிப் புழங்கும் பள்ளி முதலில். அங்கே மொழி பிடிபட்டபின், வேண்டுமானால் ஆறாம் வகுப்பிலோ ஒன்பதாம் வகுப்பிலோ மாற்றலாம். டி.சி. வாங்குவது தோல்வி அல்ல. இரண்டில் எதைத் தேர்ந்தாலும் வீடு சைகை கற்க வேண்டும். இந்திய சைகை மொழிக்கென 2015இல் டெல்லியில் அமைந்த மைய அரசின் ஆய்வு மையம் 10,000 சொற்களுக்கு அகராதி வெளியிட்டிருக்கிறது. கைப்பேசியிலேயே பார்க்கலாம்.

பள்ளியைப் பார்க்கப் போகும்போது தலைமையாசிரியர் அறையோடு திரும்பிவிடாதீர்கள். ஒரு பாடவேளை உள்ளே உட்கார அனுமதி கேளுங்கள். சிறப்புப் பள்ளி என்றால், எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றிடம் நேற்று நடந்ததைப் பலகையைப் பாராமல் நாலு வரி எழுதச் சொல்லுங்கள், அந்தப் பள்ளியின் தரம் அதில் தெரிந்துவிடும். காது கேளாத ஆசிரியர் ஒருவராவது அங்கே பாடம் நடத்துகிறாரா என்றும் பாருங்கள். பொதுப் பள்ளி என்றால், வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் மாதத்தில் எத்தனை நாள் வருகிறார், வந்தால் பிள்ளையோடு எவ்வளவு நேரம் உட்காருகிறார் என்று கேளுங்கள். தொடக்கப் பள்ளியில் 10 பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர், அதற்கு மேல் 15 பிள்ளைகளுக்கு ஒருவர் என்ற விகிதத்தை 2021இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியிருக்கிறது. அதைச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம். அந்தப் பள்ளியில் இன்னொரு காது கேளாத பிள்ளை இருக்கிறதா என்பதையும் விசாரியுங்கள். ஒன்றுக்கு இரண்டாக இருந்தால் மதிய உணவு வேளையே மாறிவிடும்.

தமிழ்நாட்டில் இந்தப் பிள்ளைகளுக்குப் பொதுத்தேர்வில் ஒரு மொழிப்பாடத்திலிருந்து விலக்கு உண்டு. தமிழை விடுவதா, ஆங்கிலத்தை விடுவதா என்பதைச் சேர்க்கும் நாளிலேயே யோசிக்க வேண்டும். அதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)