வண்டி நிரம்பினால் பயணம்

நைஜீரியாவில் 500-க்கும் மேற்பட்ட மொழிகள் பேசப்படுகின்றன. 20 கோடியைத் தாண்டிய மக்களில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருபது வயதுக்கு உட்பட்டவர்கள். இந்த இரண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால்தான் அந்நாட்டு இளைஞர் ஒருவரின் அன்றாடம் பிடிபடும். வடக்கே ஹௌசா, தென்மேற்கே யொரூபா, தென்கிழக்கே இக்போ ஆகிய மூன்றும் பெருமொழிகள். எஃபிக், திவ், எடோ, இஜோ, கனூரி என்று மற்றவை நீண்டுகொண்டே போகும். அவற்றில் சில ஒன்றிரண்டு ஊர்களுக்குள் அடங்கியவை. 1960-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற பிறகும் ஆங்கிலமே ஆட்சிமொழியாக நீடித்தது. மூன்றில் எதை ஏற்றாலும் மற்ற இரண்டு மொழிக்காரர்களும் ஒப்பமாட்டார்கள் என்ற அச்சம் அதற்கு ஒரு முக்கியக் காரணம்.

லாகோஸ் நகரத்தில் வளரும் இளைஞர் ஒரே நாளில் மூன்று மொழிகளில் புழங்குகிறார். பாட்டியிடம் யொரூபா, வகுப்பிலும் அலுவலகத்திலும் ஆங்கிலம், தெருவுக்கு இறங்கியதும் பிட்ஜின். யொரூபாவில் பெரியவர்களிடம் மரியாதைப் பன்மையில்தான் பேச வேண்டும். தமிழில் நீ, நீங்கள் என்று இருப்பதைப் போன்ற ஏற்பாடு அது. வேலையில் இருப்பவருக்கு ஒரு வணக்கம், நடந்து வருபவருக்கு ஒன்று, உட்கார்ந்திருப்பவருக்கு ஒன்று என்று வேளைக்கும் நிலைக்கும் ஏற்றபடி வாழ்த்து மாறும். இதில் தவறினால் வளர்ப்பு சரியில்லை என்ற பேச்சு பெற்றோருக்கு வந்து சேரும். பிட்ஜினில் இந்தக் கட்டுப்பாடுகள் பெரும்பாலும் கிடையாது. நண்பன், முன்பின் தெரியாத ஓட்டுநர், சந்தைக்காரம்மா எல்லோரிடமும் அது ஒரே சமதளத்தில் நிற்கிறது. மரியாதை தேவைப்பட்டால் ஆணை ‘ஓகா’ என்றும் பெண்ணை ‘மேடம்’ அல்லது ‘ஆன்ட்டி’ என்றும் அழைத்தால் போதும்.

பிட்ஜின் கடற்கரை வணிகத்தில் பிறந்தது. முதலில் போர்ச்சுகீசியர், பின்னர் ஆங்கிலேயர் என்று வந்தவர்களோடு பேரம் பேசத் தேவைப்பட்ட மொழி, ஆங்கிலச் சொற்களை மேற்கு ஆப்பிரிக்க இலக்கணத்தில் கோத்து வளர்ந்தது. தெரியும் என்பதற்குச் சொல்லும் ‘சாபி’யும், குழந்தையைக் குறிக்கும் ‘பிக்கின்’னும் போர்ச்சுகீசியத்தின் மிச்சங்கள். நெடுங்காலம் அதைப் படிக்காதவர் பேச்சு என்று ஒதுக்கினார்கள். பள்ளியில் பேசினால் அடியும் அபராதமும் கிடைத்தன. இசைக்கலைஞர் ஃபேலா குட்டி 1970-களில் அதையே தம் பாட்டுமொழியாக எடுத்துக்கொண்டார். யொரூபாவில் பாடினால் யொரூபாக்காரர்களுக்கு மட்டுமே எட்டும். பிட்ஜினில் பாடினால் மேற்கு ஆப்பிரிக்கக் கடற்கரை முழுவதற்கும் எட்டும். 1985-இல் கென் சாரோ-விவா தம் ‘சோஜாபாய்’ நாவலைப் பிட்ஜின் கலந்த உடைந்த ஆங்கிலத்தில் எழுதினார். 2007-இல் லாகோஸில் வாசோபியா எஃப்.எம். என்ற பிட்ஜின் வானொலி தொடங்கியது. 2017-இல் பிபிசி தன் பிட்ஜின் சேவையைத் தொடங்கியது. பல கோடிப் பேர் பேசும் இந்த மொழிக்கு அரசின் அங்கீகாரம் மட்டும் இன்றுவரை இல்லை.

பிட்ஜினின் வளர்ச்சியில் மகிழலாம். தாய்மொழிகளின் நிலை கவலை தருவது. நகரத்து நடுத்தரக் குடும்பங்கள் பிள்ளைகளிடம் ஆங்கிலத்திலேயே பேசுகின்றன. பாட்டி இக்போவில் கேட்பது புரிந்தாலும் இக்போவில் பதில் சொல்ல வராத தலைமுறை ஒன்று வளர்ந்துவிட்டது. இத்தனைக்கும் தாய்மொழிக் கல்வி பலன் தரும் என்பதற்குச் சான்று கையிலேயே இருக்கிறது. 1970-களில் இஃபே பல்கலைக்கழகத்தின் பாப்ஸ் ஃபாஃபுன்வா தலைமையில் நடந்த ஆறாண்டுத் தொடக்கக் கல்விச் சோதனையில், ஆங்கிலம் தவிர எல்லாப் பாடங்களையும் யொரூபாவில் படித்த குழந்தைகள் ஆங்கிலவழி மாணவர்களைவிட நன்றாகத் தேறினார்கள். ஆங்கிலத்திலும் அவர்கள் பின்தங்கவில்லை. 2022-இல் நடுவண் அரசு தொடக்கக் கல்வியின் முதல் ஆறு ஆண்டுகளைத் தாய்மொழியில் நடத்தும் கொள்கையை ஏற்றது. ஆனால் ஆசிரியர்களும் பாடநூல்களும் போதுமான அளவில் ஆயத்தமாகும் முன்பே, 2025 நவம்பரில் அது கைவிடப்பட்டது. மூன்று ஆண்டுகளில் ஒரு மொழிக் கொள்கையின் பலனை எடைபோட முடியாது. கைவிட்டது அவசர முடிவு.

மொழிக்கு அடுத்து ஓய்வைப் பார்த்தால், அது நைஜீரிய இளைஞருக்குப் பல நேரங்களில் கேட்காமலே வந்து சேருவது. 2022-இல் அரசுப் பல்கலைக்கழக ஆசிரியர்களின் வேலைநிறுத்தம் பிப்ரவரியில் தொடங்கி அக்டோபர் வரை எட்டு மாதம் நீடித்தது. நான்காண்டுப் படிப்பு ஆறாண்டு ஆவதும், பட்டம் வாங்கியவர் வேலைக்காகக் காத்திருப்பதும் அங்கே புதிதல்ல. மின்சாரம் எப்போது போகும், எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. திரும்ப வரும்போது தெருவே ஒரே குரலில் “அப் நேப்பா!” என்று கத்தும். நேப்பா என்பது பழைய மின்வாரியத்தின் பெயர். அது 2005-இலேயே கலைக்கப்பட்டுவிட்டது. அதன் பிறகு பிறந்த பிள்ளைகளும் அதே முழக்கத்தைத்தான் எழுப்புகிறார்கள்.

இப்படிக் கிடைக்கும் நேரத்தை நிரப்பப் பெரிய செலவு தேவையில்லை. தகரக் கூரை போட்ட கொட்டகையில் பெஞ்சு வரிசையும் ஒரு தொலைக்காட்சியும் இருந்தால் அது ‘வியூயிங் சென்டர்’. சிறு கட்டணம் கொடுத்து இங்கிலாந்துப் பிரீமியர் லீக் ஆட்டத்தைக் கூட்டத்தோடு பார்க்கலாம். மரத்தடியில் லூடோவும் ‘வாட்’ என்ற சீட்டாட்டமும் நடக்கும். மாலையானால் மிளகாயும் நிலக்கடலைத் தூளும் தடவிச் சுட்ட சூயா இறைச்சி, செய்தித்தாளில் வெங்காயத்தோடு பொட்டலமாகக் கைக்கு வரும். லாகோஸ் தீவில் குடியேற்றக் கால அரசு கட்டிய சிறைச்சாலை, விடுதலையின் பொன்விழா ஆண்டான 2010-இல் ஃப்ரீடம் பார்க் என்ற பூங்காவாகத் திறக்கப்பட்டது. கைதிகளை அடைத்து வைத்த இடத்தில் இப்போது கச்சேரியும் நாடகமும் நடக்கின்றன. கடல் வேண்டுமென்றால் படகேறி டார்க்வா பே போகலாம்.

சனிக்கிழமை என்றால் ‘ஓவாம்பே’ விருந்து. திருமணம், பெயர்சூட்டு, அறுபதாம் பிறந்தநாள், முதியவரின் இறுதிச் சடங்கு என்று எதற்கும் பந்தலும் இசையும் ஜொல்லோஃப் சோறும் உண்டு. அழைப்பு வந்தால் ‘அசோ எபி’ எனப்படும் ஒரே வகைத் துணியைச் சுற்றமும் நட்பும் விலைகொடுத்து வாங்கித் தைத்து உடுத்தி வர வேண்டும். சம்பளம் வராத இளைஞருக்கு இது பெரும் பாரம். மறுத்தால் உறவு கசக்கும். இந்தத் துணிகளில் தமிழ்நாட்டின் தடமும் இருக்கிறது. தென்கிழக்கில் பெண்கள் விசேஷங்களுக்கு உடுத்தும் ‘ஜார்ஜ்’ துணியின் பெயர் சென்னையின் புனித ஜார்ஜ் கோட்டையிலிருந்து வந்தது என்பார்கள். நைஜர் ஆற்று முகத்துவாரத்தில் வாழும் கலபாரி மக்கள் மதராஸ் கட்டம் போட்ட கைத்தறித் துணியைத் தலைமுறை தலைமுறையாகப் போற்றுபவர்கள். அதில் தேர்ந்தெடுத்த சில இழைகளை மட்டும் கத்தியால் நுணுக்கமாக அறுத்து உருவி எடுத்து, நெய்தவர் நினைத்திராத புதிய கோலத்தை அவர்களின் பெண்கள் உண்டாக்குகிறார்கள். பிறப்பிலும் இறப்பிலும் அந்தத் துணிக்கு இடம் உண்டு.

2023 மே மாத இறுதியில் புதிய அரசு எரிபொருள் மானியத்தை நிறுத்தியது. லிட்டர் 200 நைராவுக்குக் கீழே இருந்த பெட்ரோல் சில நாட்களிலேயே 500-ஐ ஒட்டியது; மறு ஆண்டு 1000-ஐயும் கடந்தது. நைராவின் மதிப்பும் கூடவே சரிந்தது. அடுத்த மாதம் ஒரு பயணம் போகலாம் என்று இன்று கணக்குப் போட்டுப் பணம் ஒதுக்குவது பலருக்கு வீண்வேலை ஆகிவிட்டது. கட்டணம் மாறிவிடும், விடுமுறை மாறிவிடும், சாலை நிலவரமும் மாறிவிடும். ஆகவே கையில் பணமும் நாளும் ஒன்றாக வந்து சேரும்போது உடனே கிளம்பிவிடுகிறார்கள். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது இளமைத் துடுக்காகத் தோன்றலாம். திட்டமிட இடம் தராத நாட்டில் இதுவே நிதானமான முடிவு.

போக்குவரத்தும் இதற்கேற்பவே அமைந்திருக்கிறது. ஊர்விட்டு ஊர் போகும் வண்டிகள் பெரும்பாலும் ‘மோட்டார் பார்க்’ எனப்படும் நிலையங்களிலிருந்து கிளம்புகின்றன. அங்கே கால அட்டவணை கிடையாது. இருக்கை நிரம்பினால் வண்டி புறப்படும். லாகோஸில் இபாடான் போகும் வண்டியருகே ஆள்பிடிப்பவர்கள் ஊர்ப்பெயரை மூச்சுவிடாமல் கூவுவார்கள். ஏழெட்டுப் பேரை ஏற்றும் டொயோட்டா சியன்னாவில் கடைசி இருக்கைக்கு ஆள் வரும்வரை முதலில் ஏறியவர் வேர்த்து வழிந்தபடி உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். ஜன்னல் வழியே காலா என்ற இறைச்சி ரொட்டிச் சுருளும், லா கசேரா பானமும், பிளாஸ்டிக் பையில் அடைத்த ‘பியூர் வாட்டர்’ தண்ணீரும் நீளும். பல நிலையங்களில் பயணிகளின் பெயரோடு, நெருங்கிய உறவினர் ஒருவரின் தொலைபேசி எண்ணையும் தாளில் எழுதி வாங்குவார்கள். விபத்து நேர்ந்தால் யாருக்குச் சொல்வது என்பதற்காக. கிளம்பும் நேரத்தில் யாராவது ஒருவர் உரக்க ஜெபம் தொடங்க, கிறிஸ்தவர் பலர் “ஆமென்” என்பார்கள், முஸ்லிம்கள் “ஆமீன்” என்பார்கள். அதுவரை ஒருவரையொருவர் அறியாதவர்கள் அடுத்த சில மணி நேரம் கால்பந்தையும் அரசியலையும் சாலைக் குழிகளையும் பிட்ஜினில் அலசுவார்கள்.

லாகோஸிலிருந்து இபாடான் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். 2021-இல் ஓடத் தொடங்கிய ரயிலிலும் போகலாம். அதற்கு நேரம் உண்டு, முன்பதிவும் உண்டு, ஆகவே நினைத்தவுடன் கிளம்புபவர்கள் பலரும் சாலையையே நாடுகிறார்கள். துருப்பிடித்த தகரக் கூரைகள் குன்றுகளின் மேல் அலையலையாகப் பரந்த பழைய நகரம் அது. 1948-இல் தோன்றிய நாட்டின் முதல் பல்கலைக்கழகமும் அங்கேதான் இருக்கிறது. வருபவர்கள் முதலில் தேடுவது அமலா. காயவைத்த சேனைவள்ளிக் கிழங்கு மாவைக் கொதிநீரில் கிண்டி எடுக்கும் அது, நிறத்திலும் பதத்திலும் நம் கேழ்வரகுக் களியை ஒத்தது. அதன்மேல் தட்டைப்பயற்றுக் குழம்பு, வழவழப்பான கீரை, காரமான இறைச்சிக் குழம்பு மூன்றையும் ஊற்றி, வலக்கையால் கிள்ளி மெல்லாமல் விழுங்குவார்கள். மேலும் ஒரு நாள் இருந்தால் எரின் இஜேஷாவின் ஏழடுக்கு அருவி, 600-க்கும் மேற்பட்ட படிகள் ஏறிச் சேரும் இடன்ரே குன்றுகளின் பழைய ஊர் என்று பயணம் நீளும்.

நாடு முழுவதையும் காட்டும் பயணத்தை அரசே கட்டாயமாக்கியிருக்கிறது. 1967 முதல் 1970 வரை நடந்த உள்நாட்டுப் போரின் காயங்களை ஆற்ற, 1973-இல் யாகுபு கோவோன் ஆட்சி தேசிய இளைஞர் சேவைத் திட்டத்தைத் தொடங்கியது. முப்பது வயதுக்குட்பட்ட பட்டதாரிகள் தம் மாநிலத்துக்கு வெளியே ஓராண்டு பணியாற்ற வேண்டும். மூன்று வாரம் முகாம். வெள்ளைச் சட்டை, காக்கிக் கால்சட்டை, கனத்த பூட்ஸ். பிறகு பெரும்பாலும் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியர் வேலை. கடலோரத்தில் வளர்ந்த பெண் சொக்கோட்டோவின் வறண்ட வெளியில் ஹௌசா வணக்கங்களைக் கற்றுக்கொள்கிறாள். இனம் கடந்த காதலும் திருமணமும் இந்தத் திட்டத்தில் நிறையவே நடந்திருக்கின்றன. 2011 தேர்தல் கலவரத்தில் வடக்கே சேவையிலிருந்த இளைஞர்கள் கொல்லப்பட்ட பிறகு, பிள்ளையைப் பாதுகாப்பான மாநிலத்துக்கு மாற்றிக்கொள்ளப் பெற்றோர் அலைவது கூடிவிட்டது. அந்த அச்சத்தைக் குறை சொல்ல முடியாது.

சாலையின் ஆபத்துகள் உண்மையானவை. 2022 மார்ச் 28 அன்று அபுஜா–கடுனா ரயில் தாக்கப்பட்டது. பயணிகள் பலர் கடத்தப்பட்டனர், சிலர் உயிரிழந்தனர். நெடுஞ்சாலைக் கடத்தல்களால் இரவுப் பயணத்தைப் பலர் விட்டுவிட்டார்கள். மடிக்கணினியும் சுருண்ட நீள்முடியும் இருந்தாலே இளைஞர்களை மோசடிக்காரர் என்று நிறுத்திப் பணம் பறித்த காவல் பிரிவுக்கு எதிராக 2020 அக்டோபரில் நாடே எழுந்தது. அந்தப் பிரிவு கலைக்கப்பட்டது. ஆனால் சோதனைச் சாவடியைக் கண்டதும் கைபேசியைப் பைக்குள் தள்ளும் பழக்கம் போகவில்லை.

வெளிநாடு என்றால் விசா வரிசைதான் முதல் தடை. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு 1979-இல் செய்த உடன்படிக்கை ஒரு வாசலைத் திறந்துவைத்திருக்கிறது: உறுப்பு நாடுகளுக்குள் விசா இல்லாமல் 90 நாள் தங்கலாம். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றோடு லாகோஸிலிருந்து செமே எல்லையைக் கடந்தால் பெனின் நாடு. வழியில் பிரச்சினை இல்லாவிட்டால் அன்றே கோட்டொனூ போய்ச் சேரலாம். 2024-இல் பெலூமி நூபி என்ற நைஜீரியப் பெண் ஒரு சிறிய பியூஜோ காரில் லண்டனிலிருந்து லாகோஸ் வரை தனியாக ஓட்டி வந்தபோது, இந்த எல்லை வழியாக அவர் நாட்டுக்குள் நுழைவதை எதிர்பார்த்து நைஜீரிய இளைஞர்கள் பெருமிதத்தோடு காத்திருந்தார்கள்.

செமேயில் பலகைகள் பிரெஞ்சுக்கு மாறுகின்றன; பேச்சு அவ்வளவு எளிதில் மாறுவதில்லை. 1889-இல் பிரிட்டனும் பிரான்சும் செய்துகொண்ட ஒப்பந்தம் இந்த எல்லைக்கு அடித்தளம் இட்டது. அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே நைஜீரியப் பக்கத்துப் படக்ரியிலும் பெனின் பக்கத்துப் போர்ட்டோ-நோவோவிலும் மக்கள் ஒரே குன் மொழியைப் பேசிவந்தார்கள். யொரூபாவும் எல்லையின் இருபுறமும் வழங்குகிறது. கோட்டொனூவின் பெரிய டாண்டோக்பா சந்தையில் பிரெஞ்சு தெரியாத லாகோஸ் இளைஞர் யொரூபாவில் விலை கேட்கலாம். யொரூபாவிலேயே பதில் சொல்லும் வியாபாரிகள் அங்கே உண்டு.