எக்ஸ் சாளர முறைமையும் தொலைநின்று தொழிற்படலும்: ஒரு வரலாற்று நோக்கு

தொழில்நுட்ப வடிவம் எதுவும் தனியொருவரின் கற்பனையில் மட்டும் தோன்றுவதில்லை. அது தோன்றிய காலத்து வேலைமுறையின் தேவைகளே அதன் அமைப்பைப் பெரிதும் தீர்மானிக்கின்றன. தொலைவிலுள்ள ஒரு கணனியில் இயங்கும் செய்நிரலின் சாளரத்தை நமது லினக்ஸ் கணனியின் திரையிற் காணும் வசதி இதற்குத் தக்க சான்றாகும்.

இவ்வசதிக்கு அடிப்படையான எக்ஸ் சாளர முறைமை 1984இல் மசாசுசெற்ஸ் தொழில்நுட்ப நிறுவகத்தில் உருவாயிற்று. ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்திற் பிறந்த 'டபிள்யூ' என்னும் முறைமையை அடியொற்றி றொபேட் ஷைப்ளரும் ஜிம் கெற்றிஸும் அதனை வளர்த்தெடுத்தனர். 1983இல் அங்கு தொடங்கிய அதீனாத் திட்டத்துக்கு ஐ.பி.எம்., டிஜிற்றல் ஆகிய கம்பனிகள் கணனிகளை வழங்கியிருந்தன. ஒன்றுக்கொன்று ஒவ்வாத அவ்வியந்திரங்களில் மாணவர் ஒரே செய்நிரல்களைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. கணிக்கும் இடத்தையும் காட்டும் இடத்தையும் வேறாக்கியமை இம்முரண்பாட்டுக்கு ஏற்ற தீர்வாயிற்று. 1987இல் வெளிவந்த எக்ஸ்11 பதிப்பே இன்றும் வழக்கிலுள்ளது.

ஈண்டுக் கலைச்சொற் குழப்பமொன்றைத் தெளிவுபடுத்தல் அவசியம். சேர்வர் என்றதும் தொலைவிலுள்ள பெரிய இயந்திரத்தையே நாம் எண்ணுவது வழக்கம். எக்ஸ் முறைமையிலோ நிலைமை தலைகீழானது. திரை, விசைப்பலகை, சுட்டி ஆகியவற்றை ஆளும் நமது மேசைப்பக்கத்துச் செய்நிரலே சேர்வர். அவற்றைப் பயன்படுத்த அனுமதி கோரும் செய்நிரல், எங்கு இயங்கினும், கிளையன்ற் ஆகும். கோடு வரைக, எழுத்தைப் பொறிக்க என்னும் பணிப்புகள் ஒரு திசையிலும், நாம் அழுத்தும் விசைகள் பற்றிய செய்திகள் மறுதிசையிலும் செல்கின்றன.

ஒருவரையொருவர் நம்பும் வளாகச் சூழலே இவ்வமைப்பின் எடுகோள். அனுமதி பெற்ற கிளையன்ற் ஒன்று ஏனையவற்றுக்குரிய விசையழுத்தங்களையும் ஒற்றறிய முடியும். செய்திகளும் மறைகுறியின்றியே சென்றன. 1995இல் பின்லாந்தில் தாத்து இலோனென் உருவாக்கிய எஸ்.எஸ்.எச். இச்செய்திகளுக்கு மறைகுறியிட்ட வழியை அமைத்தது. எனினும் அது காப்பது வழியை மட்டுமே. மறுமுனை இயந்திரம் நம்பத்தகாததாயின் ஆபத்து நீங்குவதில்லை.

காலப்போக்கில் அடித்தளமே மாறிற்று. ஒவ்வொரு மேசைக் கணனியும் வலுவான படச் செயலியைப் பெற்றது. செய்நிரல்கள் பணிப்புகளை அனுப்புவதை விடுத்துத் தாமே முழுப் படத்தையும் தீட்டலாயின. பழைய சிக்கனம் மறைந்தது. நெடுந்தூர இணைப்பிற் காத்திருப்பு மிகுந்தது. 2008இல் கிறிஸ்தியன் ஹொக்ஸ்பெர்க் தொடங்கிய வேலன்ட், ஒரே கணனிக்குள் நினைவகத்தைப் பகிர்ந்து படத்தைக் கையளிக்கிறது. வலையமைப்பு அதன் நெறிமுறையில் இல்லை. தொலைப்பணிக்கு வேபைப், வி.என்.சி. போன்ற துணைக்கருவிகள் வேண்டும். பழைய எக்ஸ் செய்நிரல்களுக்கு எக்ஸ்வேலன்ட் இடமளிக்கிறது.

இதனை வெறும் வளர்ச்சியென்றோ இழப்பென்றோ கூறுதல் அரைகுறைப் பார்வையாகும். வேலன்ட், ஒவ்வொருவரும் வலுமிக்க கணனியொன்றைத் தம்மருகே கொண்டிருக்கும் நிலைமைக்கு இசைந்த வடிவம். வலுமிக்க இயந்திரம் ஒன்றாகவும் அதனை நாடுவோர் பலராகவும் உள்ள ஆய்வுகூடங்களில் 1984இன் முரண்பாடு இன்னும் தீரவில்லை. ஆகவே, எது புதியது என்பதற்கு முன்பு, எவருடைய வேலைநிலைமைக்கு எது பொருந்தும் என்றே நாம் வினவுதல் வேண்டும்.