கபடி வீரர்களுக்கு ஒரு சங்கம்

கண்டீரவா உள்ளரங்கில் பெங்களூரு புல்ஸ் அணி ஆடத் தொடங்கிய 2014-இல், புரோ கபடி லீக்கின் முதல் ஏலத்தில் உச்ச விலையாக ராகேஷ் குமாருக்குக் கிடைத்தது 12.80 லட்சம் ரூபாய். 2023-இல் பவன் செராவத்துக்குத் தெலுங்கு டைட்டன்ஸ் தந்ததோ 2.60 கோடிக்கும் மேல்.

வளர்ச்சி உண்மையானதே, எனினும் பாடிச் சென்று திரும்புபவரின் கணுக்காலை எதிரணியினர் இருவர் பற்றி இழுக்கும் நொடியில் முழங்கால் தசைநார் அறுந்தால், அந்தப் பருவம் மட்டுமன்றி அடுத்த ஏலமும் கைநழுவக்கூடும். ரயில்வேயிலோ காவல்துறையிலோ பணியிலிருப்பவருக்கு மாதச் சம்பளமேனும் மிஞ்சும். அப்பணி கிட்டாத இளைஞருக்கு அதுவும் இல்லை. கூட்டுப் பேரம், அதாவது வீரர் அனைவர் சார்பிலும் ஒரே குரலில் ஒப்பந்த நிபந்தனைகளைப் பேசி முடிப்பது, அவருக்கே முதலில் தேவைப்படுகிறது.

கால்பந்து வீரர்கள் பைச்சுங் பூட்டியா தலைமையில் 2006-இலேயே சங்கம் கண்டனர். 2019-இல் தோன்றிய இந்திய கிரிக்கெட் வீரர்கள் சங்கமோ ஓய்வுபெற்றோருக்கானது. தொழிற்சங்கப் பதிவுக்கு ஏழு பேர் விண்ணப்பிக்கலாம் என்றாலும், அத்தொழிலில் உள்ளோரில் பத்தில் ஒரு பங்கினர் அல்லது நூறு பேர், இவற்றுள் குறைவான எண்ணிக்கையினர், உறுப்பினராக இருக்க வேண்டும். ஒரே ஏலத்தில் போட்டியாளர்களாக நிற்பவர்களை இவ்வாறு ஒன்றுசேர்ப்பது கடினமே. ஆகவே கோடிகளில் விலைபோகும் நட்சத்திரங்கள் முதலில் கையெழுத்திட்டு, காயக் கால ஊதியத்தையும் சிகிச்சைச் செலவையும் இளையோருக்காகக் கோர வேண்டும்.