குழாய்க்கும் காவல் வேண்டும்

"நரம்பில் ஊசி போட்டு மருந்து ஏற்றுகிறார்கள்" என்று நாம் சொல்வது வழக்கம். உண்மையில் அது நரம்பு அல்ல. இதயத்துக்கு ரத்தத்தைத் திருப்பிக் கொண்டு செல்லும் சிரை. பல நாள் மருந்து ஏற வேண்டிய நோயாளிக்கு, மேற்கையிலோ கழுத்திலோ உள்ள சிரை வழியாக மெல்லிய குழாய் ஒன்றை இதயத்தின் அருகு வரை செலுத்தி வைக்கிறார்கள். இதற்குக் 'கதீட்டர்' என்று பெயர்.

1929-ல் ஜெர்மனியில் எபர்ஸ்வால்டே என்ற ஊரில், வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற இளம் டாக்டர் தம் கைச் சிரையிலேயே ஒரு குழாயைச் செலுத்திக்கொண்டு, எக்ஸ்ரே அறைக்கு நடந்து போய், அது இதயத்தை எட்டியிருப்பதைப் படம் பிடித்துக் காட்டினார். அந்தத் துணிச்சலுக்கு 1956-ல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

உயிர் காக்கும் இந்தக் குழாயால் ஓர் ஆபத்தும் உண்டு. அதைச் சுற்றி ரத்தம் உறைந்து கட்டியாகலாம். விரல் வெட்டுப்பட்டால் ரத்தம் உறைவது நமக்கு நன்மைதான். சிரைக்குள் உறைந்தால் கை வீங்கும். கட்டி நழுவி நுரையீரலுக்குப் போய்விட்டால் உயிருக்கே அபாயம். சிரையின் சுவரில் காயம், ரத்த ஓட்டத்தில் மந்தம், சீக்கிரம் உறையும் ரத்தம் ஆகிய மூன்றும் இதற்குக் காரணங்கள். முதல் இரண்டையும் குழாய் உண்டாக்கக் கூடும். மூன்றாவதைப் புற்று நோய் போன்ற வியாதிகள் கொண்டு வரும்.

தடுப்பது எப்படி? சிரையின் அகலத்தில் பாதிக்கும் குறைவாக அடைக்கும் ஒல்லியான குழாயாக இருக்க வேண்டும். அதன் நுனி, மேற்பெருஞ்சிரை இதயத்தைச் சேரும் இடத்தில் நிற்க வேண்டும். மருந்து ஏற்றிய பின் நர்ஸ் உப்பு நீரை விட்டு விட்டுச் செலுத்திக் குழாயைக் கழுவுவார். டயாலிஸிஸ் குழாய்களில் 'ஹெபாரின்' மருந்தை நிரப்பி மூடுவதும் உண்டு. 1916-ல் அமெரிக்காவில் பால்டிமோர் நகரில், ஜே மக்லீன் என்ற வைத்திய மாணவர் செய்த ஆராய்ச்சியில் பிறந்த மருந்து அது.

"அப்படியானால் எல்லோருக்கும் ரத்தம் உறையாத மாத்திரை கொடுத்துவிடலாமே!" என்று தோன்றும். கூடாது. அதனால் ரத்தப் பெருக்கு ஏற்படலாம். யாருக்குத் தேவை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

வீட்டில் பார்த்துக்கொள்ளுகிறவர்கள் செய்ய வேண்டியவையும் சில உண்டு. பயந்து கையை அசைக்காமல் வைத்திருக்க வேண்டாம், சாதாரணமாக அசைக்கலாம். கனமான குடத்தை மட்டும் அந்தக் கையால் தூக்க வேண்டாம். தினமும் இரண்டு கைகளையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீக்கம், வலி, சிவப்பு, தோளிலும் மார்பிலும் புதிதாகப் புடைத்த சிரைகள், இவற்றில் எது தெரிந்தாலும் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். "எண்ணெய் தடவி உருவினால் சரியாகிவிடும்" என்று பாட்டி சொன்னாலும் கேட்காதீர்கள். தேய்த்தால் கட்டி நழுவக் கூடும். குழாயை நீங்களே இழுத்தும் விடாதீர்கள். மூச்சுத் திணறலோ மார்வலியோ வந்தால் ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

தேவையில்லாத குழாய் ஒரு நாள் கூட உள்ளே இருக்க வேண்டியதில்லை. ஆகவே, டாக்டரைப் பார்க்கும்போதெல்லாம், "இந்தக் குழாய் இன்னும் வேண்டுமா, டாக்டர்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.