கடைசி விளக்கு மங்குவது ஏன்?

பள்ளி விழாவுக்காகப் பந்தலில் விளக்குகளை வரிசையாகக் கட்டுகின்றனர். மின்கலத்தை அடுத்த விளக்கு பளிச்சென எரிகிறது. கடைக்கோடி விளக்கோ சோர்ந்து நிற்கிறது. பல்பு பழையது என்றெண்ணி வேறொன்றை மாட்டினால் அதுவும் மங்குகிறது. குறை பல்பில் இல்லை, கம்பியில் இருக்கிறது.

ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்தால், அதாவது தொடரிணைப்பில், ஒரே மின்னோட்டம் எல்லா விளக்குகளிலும் பாயும். ஒரே வகை விளக்குகளாயின் ஒளி சமமே. ஆனால் அழுத்தம் பங்காகிவிடுவதால் எல்லாமே மங்கும், ஒன்று பழுதானால் அனைத்தும் அணையும். 25 வாட் இழைவிளக்கையும் 60 வாட் இழைவிளக்கையும் இவ்வாறு தொடுத்தால் 25 வாட் விளக்கே மிகுந்து ஒளிரும். மாணாக்கர் இதனை எளிதில் நம்பார். செய்து காட்டத்தான் வேண்டும்.

ஆதலின் பக்க இணைப்பே ஏற்றது, அதில் ஒவ்வொரு விளக்குக்கும் முழு அழுத்தம் கிடைக்கும் என்று பாடம் சொல்லி முடிப்பது வழக்கம். கம்பிக்கும் தடை உண்டு என்பது அங்கே விடுபட்டுப் போகிறது.

12 வோல்ட் மின்கலத்தோடு, ஆளுக்கு 1 ஆம்பியர் கொள்ளும் ஐந்து விளக்குகளைப் பக்க இணைப்பில் கட்டுவதாகக் கொள்வோம். ஒவ்வோர் இடைவெளியிலும் போகும் கம்பிக்கு 0.05 ஓம், திரும்பும் கம்பிக்கு 0.05 ஓம் தடை. முதல் இடைவெளியில் 5 ஆம்பியர் ஓடுவதால் 0.5 வோல்ட் குறையும்; அடுத்தடுத்து 0.4, 0.3, 0.2, 0.1 எனக் குறையும். முதல் விளக்குக்கு 11.5 வோல்ட், கடைசி விளக்குக்கு 10.5 வோல்ட். இழைவிளக்கின் ஒளி அழுத்தத்தைவிட விரைவாகக் குறைவதால், கடைசி விளக்கு முதல் விளக்கைவிட ஏறத்தாழக் கால் பங்கு மங்கிவிடும்.

தடித்த கம்பி போட்டால் குறை நீங்கும், செலவோ ஏறும். கைச்செலவு குறைந்த வழி ஒன்றுண்டு. போகும் கம்பியை வழக்கம்போல் முதல் விளக்கிலிருந்து தொடங்கி, திரும்பும் கம்பியை மட்டும் கடைசி விளக்கிலிருந்து தனியே மின்கலத்துக்குக் கொண்டுவருவதே அது. மின்கலத்துக்கு ஒருபுறம் அருகிலுள்ள விளக்கு மறுபுறம் தொலைவாகிவிடும். மேற்சொன்ன கணக்கின்படி முதல் விளக்குக்கும் கடைசி விளக்குக்கும் 10 வோல்ட், நடுவிளக்குக்கு 9.8 வோல்ட். மொத்த இழப்பு கூடியது உண்மையே. எனினும் அவ்விழப்பு எல்லார்க்கும் பொதுவாகிவிட்டது. பொது இழப்பை மூலத்தில் அழுத்தத்தைச் சற்று உயர்த்தி ஈடு செய்யலாம். ஒரு விளக்குக்கு மட்டும் நேரும் இழப்பை அவ்வாறு ஈடு செய்ய இயலாது.

1882-இல் நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் அமைத்த மின்நிலையத்திலும் இதே எண்ணம் வேறு வடிவில் இருந்தது. நிலையத்திலிருந்து புறப்பட்ட ஊட்டுக் கம்பிகளில் விளக்கு எதுவும் இணைக்கப்படவில்லை. அவை தெருக்களில் ஓடிய விநியோகக் கம்பிகளுக்கு மின்சாரத்தைக் கொண்டு சேர்த்தன. ஊட்டுக் கம்பியில் எவ்வளவு அழுத்தம் குறைந்தாலும், அது ஊட்டும் விளக்குகள் அனைத்துக்கும் ஒரேயளவாய்க் குறையும். செம்பும் பெருமளவு மிச்சமாயிற்று.

வகுப்பில் இதைச் செய்து காட்ட டார்ச்சு விளக்கின் இழை பல்புகளும் மெல்லிய நீண்ட கம்பியும் போதும். இன்றைய எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் அழுத்தக் குறைவை உள்ளேயே சரிசெய்யும் அமைப்பு இருப்பதால், அவற்றைக் கொண்டு செய்தால் வேறுபாடு கண்ணுக்குப் புலப்படாது.