ஊரை விட்டுப் போன டீம்... விட்டுக்கொடுக்காத ரசிகர்கள்!

விம்பிள்டன் என்றதும் டென்னிஸ்தான் நினைவுக்கு வரும். ஆனால், லண்டனின் அந்தப் பகுதிக்காரர்களிடம் ஒரு கால்பந்துக் கதையும் இருக்கிறது.

1889-ல் உள்ளூர்ப் பள்ளி ஒன்றின் முன்னாள் மாணவர்கள் ஆரம்பித்த டீம் அது. ஊர்ப் பொதுவெளியில் ஆடியவர்கள், 1912-ல் ப்ளவ் லேன் மைதானத்துக்கு வந்தார்கள். 1977-ல்தான் ஃபுட்பால் லீக்கில் இடமே கிடைத்தது. அடுத்த ஒன்பதே ஆண்டுகளில் முதல் டிவிஷன்! 1988 எஃப்.ஏ. கோப்பை இறுதிப்போட்டியில் எதிரே லிவர்பூல். லாரி சான்செஸ் தலையால் முட்டி கோல் போட, வந்த பெனால்ட்டியை கோல்கீப்பர் டேவ் பீசன்ட் பாய்ந்து தடுக்க, 1-0 வெற்றி. பேட்டை டீம் ஒன்று ஜாம்பவானைச் சாய்த்துவிட்டது.

மறு ஆண்டே ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 உயிர்கள் போயின. பெரிய டிவிஷன்களில் எல்லோருக்கும் இருக்கை வேண்டும் என்று விதி வந்தது. நின்று பார்க்கும் பழைய ப்ளவ் லேன் அதற்குத் தாங்காது. 1991-ல் கிரிஸ்டல் பேலஸ் டீமின் மைதானத்துக்கு வாடகைக்குப் போனார்கள். தற்காலிகம் என்றுதான் பேச்சு. 12 ஆண்டுகள் ஓடிவிட்டன.

2002 மே 28 அன்று இடி விழுந்தது. சுமார் 90 கி.மீ. தள்ளியிருக்கும் மில்டன் கீன்ஸ் நகருக்கு டீம் போகலாம் என்று மூவர் கமிஷன் அனுமதித்தது. அமெரிக்காவில் டீம்கள் ஊர் மாறுவது சகஜம். இங்கிலாந்திலோ கிளப் என்பது கோயில் தேர் மாதிரி. ஊர் எல்லையைத் தாண்டாது. ரசிகர்கள் புது கிளப் தொடங்குவது கால்பந்தின் நலனுக்கு உகந்ததல்ல என்றும் கமிஷன் எழுதிவைத்தது. இதைச் சொல்ல அவர்கள் யார்?

சில வாரங்களில் 'ஏ.எஃப்.சி. விம்பிள்டன்' பிறந்துவிட்டது. அதே பொதுவெளியில் ஆட்டக்காரர்கள் தேர்வு. 200 பேருக்கு மேல் திரண்டார்கள். உள்ளூர் லீக்கில் தொடங்கி, ஒன்பது சீசன்களில் ஐந்து படி ஏறி, 2011-ல் ஃபுட்பால் லீக்கில் நுழைந்தார்கள். கிளப் ரசிகர்களின் சொத்து.

பழைய டீம் 2003-ல் இடம்பெயர்ந்து, மறு ஆண்டு 'எம்.கே. டான்ஸ்' ஆனது. 2007-ல் பழைய கோப்பைகளை விம்பிள்டன் அடங்கிய மெர்ட்டன் பகுதியின் மன்றத்திடமே ஒப்படைத்துவிட்டது.

பழைய மைதானம் இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி வீடுகள். அதிலிருந்து கூப்பிடு தூரத்தில், ரசிகர்களின் பணமும் சேர்ந்து எழுந்த புதிய ப்ளவ் லேனில் 2020 நவம்பர் 3 அன்று முதல் ஆட்டம் நடந்தது. டான்காஸ்டருடன் 2-2 டிரா. கொரோனா காலம் என்பதால், 29 ஆண்டுகள் காத்திருந்தவர்கள் அதை வீட்டில் உட்கார்ந்துதான் பார்த்தார்கள்.