எல்லோருக்கும் ஒரே எண்ணிக்கை!

மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். வீட்டு விவகாரத்தில் இதைச் சொல்லிச் சிரித்துவிடலாம். பள்ளிப் பிள்ளைகள் வாரக்கணக்கில் கண் விழித்துச் செய்த ரோபோ களத்தில் நிற்கும்போது சிரிக்க முடியுமா?

அமெரிக்காவில் 'ஃபர்ஸ்ட்' என்ற ஸ்தாபனம் நடத்தும் ரோபோப் போட்டியைப் பாருங்கள். 1992-ல் நியூஹாம்ப்ஷயர் மாகாணத்து மான்செஸ்டர் நகரில், ஒரு ஹைஸ்கூலின் விளையாட்டுக் கூடத்தில், 28 கோஷ்டிகளுடன் ஆரம்பித்தது. இன்று பல தேசங்களிலிருந்து ஆயிரக்கணக்கான கோஷ்டிகள் கலந்துகொள்கின்றன.

இந்தப் பக்கம் மூன்று ரோபோக்கள், அந்தப் பக்கம் மூன்று. எதிரியின் ரோபோவை நகரவிடாமல் மடக்கி நிறுத்துவதும் ஆட்டத்தில் உண்டு. அதற்கும் கணக்கு இருக்கிறது. 2024-ல் 5 எண்ணும் வரை மடக்கலாம். 2025-ல் 3 தான். மீறினால் எதிரிக்குப் புள்ளி!

சட்டம் சுலபந்தான். ஆனால் எண்ணுகிறவர் மனிதர் அல்லவா? ஒருவர் இடித்த மாத்திரத்தில் எண்ணத் தொடங்குவார். இன்னொருவர், 'நிஜமாகவே அகப்பட்டுக்கொண்டதா?' என்று பார்த்துவிட்டுத் தொடங்குவார். இந்த ஊரில் குற்றம். அடுத்த ஊரில் சாமர்த்தியம்! நடுவர் கண்டிப்பாக இருந்தால் பிள்ளைகள் பொறுத்துக்கொள்வார்கள். நேற்று விட்டதை இன்று பிடித்தால்தான் கண்ணீர் வருகிறது.

இதற்காகச் சொற்களையே அளந்து வைத்திருக்கிறார்கள். 2024-ம் வருஷத்து விதிப் புத்தகத்தில் 'கணநேரம்' என்றால் சுமார் 3 விநாடிக்குக் குறைவு. 'தொடர்ந்து' என்றால் சுமார் 10 விநாடிக்கு மேல். ஒரு கோஷ்டி சந்தேகம் கேட்டால், பதில் எல்லோரும் பார்க்கும்படி வெளியாகிறது.

தீர்ப்பில் ஆட்சேபணையா? தலைமை நடுவரிடம் கோஷ்டியிலிருந்து ஒரே ஒரு மாணவர் போய்ப் பேசலாம். பெரியவர்கள் போய் மல்லுக்கு நிற்க முடியாது. படம் பிடித்துக் காட்டினாலும் நடுவர் பார்க்கமாட்டார். கொடுமையாகத் தோன்றுகிறதா? நல்ல காமிரா வைத்திருப்பவனுக்கு மட்டும் நியாயம் கிடைப்பதைவிட இது மேல்!

இருந்தாலும் அந்த 'சுமார்' என்ற வார்த்தை இருக்கிறதே, அது மனிதர் கையில்தான் இருக்கிறது. 'எந்தக் கணத்தில் எண்ணத் தொடங்குவது?' என்று நடுவர்கள் காலையிலேயே கூடிப் பேசி வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். கொஞ்சம் மெதுவாகத்தான் எண்ணட்டுமே, எல்லோருக்கும் அப்படியே எண்ணினால் போதும். "அவர்களுக்கும் இதே எண்ணிக்கைதான்" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்பும் பிள்ளை, அடுத்த வருஷமும் திருப்புளியைக் கையில் எடுப்பான்.